மெஷினில் ஒரு மணி நேரம்

எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை முடிந்த கையோடு பிள்ளைகளை டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்த்துவிடுவது தமிழ்நாட்டுக் குடும்பங்களில் பல தலைமுறைகளுக்கு எழுதாத சட்டமாக இருந்தது. கடைத்தெருவில் ஏதோ ஒரு மாடி, நீளமான ஓர் அறை, வரிசையாக ரெமிங்டன், ஹால்டா, ஃபாசிட், கோத்ரெஜ். காலை ஆறு மணிக்கே முதல் பேட்ச் தொடங்கிவிடும். ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே எச் ஜே’ என்று தாள் நிறைய அதே வரியைத் தட்டித் தட்டி விரல் பழக வேண்டும். மாதக் கட்டணத்துக்கு மாணவருக்குக் கிடைத்தது தினம் ஒரு மணி நேரம் மெஷின்.

அலுவலக வேலையையும் அதற்கான கருவியையும் பதினைந்து, பதினாறு வயதில் கற்றுக்கொள்ளும் வழக்கம் இங்கே கணினியோடு வந்ததல்ல. அதற்கு நூற்றாண்டு தாண்டிய வரலாறு உண்டு. அதில் பெரும்பகுதி பள்ளிக்கூடத்து வாசலுக்கு வெளியே, பெற்றோர் கைக்காசில் நடந்தது. அதைப் பள்ளிக்குள் கொண்டுவர அரசு பலமுறை முயன்றிருக்கிறது. ஒவ்வொரு முயற்சியிலும் பாடத்திட்டம் அச்சாகிவிட்டது, தேர்வும் நடந்துவிட்டது. எத்தனை பிள்ளைகளின் கை கருவியின் மேல் பட்டது என்பதில்தான் வெற்றியும் தோல்வியும் பிரிந்தன.

தொடக்கம் சென்னையில். 1886-இல் பச்சையப்பன் அறக்கட்டளையின் அறங்காவலர்கள் ஒரு வணிகப் பள்ளியைத் தொடங்கினார்கள். இந்தியாவில் வணிகக் கல்வியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பள்ளியிலிருந்துதான் தொடங்குவார்கள். துறைமுகமும் ரயிலும் வங்கியும் வளர்ந்துகொண்டிருந்த நகரத்துக்குக் கணக்கு எழுதவும் கடிதம் வரையவும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். ரெமிங்டன் நிறுவனம் அமெரிக்காவில் முதல் தட்டச்சுப்பொறியைச் சந்தைக்குக் கொண்டுவந்து அப்போது பன்னிரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஐசக் பிட்மனின் சுருக்கெழுத்து முறை 1837-இலேயே வெளிவந்துவிட்டது. கணக்குப் பதிவு, சுருக்கெழுத்து, தட்டச்சு என்ற இந்த மூன்றும் சேர்ந்துதான் பின்னாளில் ‘காமர்ஸ் படிப்பு’ என்று அறியப்பட்டன.

அரசு இதைத் தானே நடத்தவில்லை. தேர்வை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டு, சொல்லிக்கொடுப்பதைத் தனியார் இன்ஸ்டிடியூட்டுகளிடம் விட்டது. அந்த ஏற்பாடு இன்றுவரை நிற்கிறது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வில் ஆங்கில லோயர் என்றால் நிமிடத்துக்கு 30 சொல், ஹையர் என்றால் 45. ஐந்து எழுத்தை ஒரு சொல்லாகக் கணக்கிட்டால், லோயர் எழுதுகிறவர் பத்து நிமிடத்தில் 1,500 முறை விசையைத் தட்டியாக வேண்டும். வேகத்துக்கு ஒரு தாள். கடிதமும் அட்டவணையும் அமைக்க இன்னொரு தாள். பழகிய மெஷினையே தேர்வுக் கூடத்துக்குத் தூக்கிப் போவதும் வழக்கம். தேர்வு நாளில் இன்ஸ்டிடியூட் வாசலில் வேன் வந்து நிற்கும். இரும்பு எடையைப் பையன்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றுவார்கள்.

தமிழுக்கு மெஷின் கிடைத்தது தனிக் கதை. சென்னையில் வணிகப் பள்ளி பிறந்த அதே 1886-இல் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்தவர் ஆர். முத்தையா. வேலை தேடி மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர். ஆங்கிலத் தட்டச்சும் சுருக்கெழுத்தும் தெரிந்த அவருக்கு, 247 எழுத்துள்ள தமிழை ஐம்பதுக்கும் குறைவான விசைகளில் அடக்க முடியுமா என்ற கேள்வி விடாமல் துரத்தியது. விடை நகரா விசையில் இருந்தது. சில விசைகளைத் தட்டினால் எழுத்து பதியும், தாள் மட்டும் நகராது. முதலில் புள்ளியைத் தட்டி அடுத்து ‘க’வைத் தட்டினால் புள்ளி சரியாக ‘க’வின் தலையில் அமர்ந்து ‘க்’ ஆகிவிடும். அவர் வகுத்த விசைப்பலகையோடு ஜெர்மனியில் ‘பிஜோ’ என்ற பெயரில் மெஷின் தயாரானது. தமிழ் லோயர், தமிழ் ஹையர் எழுதிய ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

1956-இன் ஆட்சிமொழிச் சட்டத்துக்குப் பிறகு தமிழ் மெஷினுக்கு அரசு அலுவலகத்தில் நிரந்தர இடம் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் கோத்ரெஜ் இந்தியாவிலேயே தட்டச்சுப்பொறி தயாரிக்கத் தொடங்கியிருந்தது. தாலுகா ஆபீஸ் முதல் கோட்டைவரை டைப்பிஸ்ட் பணியிடங்கள் வந்தன. சர்வீஸ் கமிஷன் விளம்பரத்தில் ‘இருமொழியிலும் ஹையர்’ என்ற வரியைப் பார்த்துவிட்டு, இங்கிலீஷ் முடித்தவர்கள் மறுபடியும் இன்ஸ்டிடியூட் படியேறித் தமிழுக்குச் சேர்ந்தார்கள்.

இந்தச் சான்றிதழ் ஆட்களை வெகுதூரம் கொண்டுபோனது. கும்பகோணத்திலும் பாலக்காட்டிலும் திருநெல்வேலியிலும் தட்டச்சும் ஷார்ட்ஹேண்டும் முடித்தவர்கள் ரயிலேறி பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் டெல்லிக்கும் போனார்கள். பம்பாயின் மாட்டுங்கா அவர்களால்தான் தென்னிந்தியர் பேட்டையாக மாறியது. ஆபீஸ் நாற்காலிகளில் அவர்கள் எவ்வளவு நிறைந்திருந்தார்கள் என்பதற்குக் கசப்பான சாட்சியும் உண்டு. 1966-இல் தொடங்கப்பட்ட சிவசேனை தன் முதல் இயக்கத்தையே தென்னிந்தியக் குமாஸ்தாக்களுக்கும் டைப்பிஸ்டுகளுக்கும் எதிராகத்தான் நடத்தியது.

பெண்களுக்கு இது வேறொரு வாசலைத் திறந்தது. கல்லூரிக்கு அனுப்பத் தயங்கிய வீடுகள்கூட, தெருக்கோடி இன்ஸ்டிடியூட்டுக்கு ஒரு மணி நேரம் அனுப்பத் தயங்கவில்லை. ‘சும்மா இருக்கிற நேரத்துக்குக் கற்றுக்கொள்ளட்டும்’ என்று அனுப்பியவர்களின் மகள்கள், லோயர் முடித்து ஹையர் முடித்து, அரசு ஊழியராகிக் குடும்பத்தைத் தாங்கினார்கள். பள்ளிக்கூடம் கொடுக்காத வேலையை இந்த மாடி அறைகள் கொடுத்தன. பெண் கல்வி வரலாற்றில் அவற்றுக்கு இன்னும் உரிய இடம் தரப்படவில்லை.

பள்ளிக்கூடம் விழித்துக்கொண்டது 1978-இல். கோத்தாரி கல்விக் குழு 1966-இலேயே பரிந்துரைத்த பத்து, இரண்டு, மூன்று ஆண்டு முறையைத் தமிழ்நாடு அந்த ஆண்டு ஏற்று, கல்லூரியில் இருந்த பி.யூ.சி.யை எடுத்துவிட்டு மேல்நிலைப் பள்ளிகளில் பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளைத் தொடங்கியது. கூடவே தொழிற்பிரிவும் வந்தது. அதே 1978-இல் மேல்நிலைக் கல்வியில் தொழிற்கல்வியை எப்படிக் கொண்டுபோவது என்று ஆராய்ந்த தேசியக் குழுவுக்குத் தலைவர், வேலூரில் பிறந்து யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்த மால்கம் ஆதிசேஷையா. கையால் செய்து கற்பது என்பதையே அந்த அறிக்கை தலைப்பாக வைத்துக்கொண்டது. ஏட்டுக் கல்விக்கும் வேலைக்கும் நடுவே இருக்கும் சுவரைப் பதினாறு வயதிலேயே உடைக்கலாம் என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

பள்ளிகளில் ‘வொகேஷனல் குரூப்’ வந்தது. அலுவலக மேலாண்மையும் செயலியலும், கணக்குப் பதிவியலும் தணிக்கையும், தட்டச்சு என்று பாடங்கள் வந்தன. இன்ஸ்டிடியூட்டில் காசு கட்டிக் கற்றதை அரசுப் பள்ளியில் இலவசமாகக் கற்கும் வழி முதன்முறையாகத் திறந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயம். ஆனால் மதிப்பெண் குறைந்தவர்களை இந்தக் குரூப்புக்குத் தள்ளிவிடும் பழக்கமும் கூடவே வந்தது. முதல் குரூப் டாக்டர், இன்ஜினீயருக்கு, காமர்ஸ் அடுத்தபடி, மிச்சம் இருக்கிறவர்களுக்கு வொகேஷனல் என்று ஒரு ஏணி உருவானது. ஆதிசேஷையா உடைக்க நினைத்த சுவர், பள்ளிக்குள்ளேயே குரூப் வரிசையாக எழுந்து நின்றது.

கணினி வந்தது 1984-இல். மத்திய அரசு ‘கிளாஸ்’ என்ற திட்டத்தில் நாடு முழுவதும் சுமார் 250 பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, பிரிட்டனின் பள்ளிகளில் பரவலாக இருந்த பிபிசி மைக்ரோ கணினிகளைக் கொடுத்தது. நினைவகம் 32 கிலோபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு சாதாரணப் புகைப்படம் அதில் அடங்காது. அந்தச் சின்னப் பெட்டியில் பேசிக் மொழியில் நாலு வரி எழுதி, திரையில் தன் பெயர் ஓடுவதைப் பார்த்த மாணவர்களுக்கு அது மந்திரமாகத்தான் இருந்தது. ஆனால் பள்ளிக்குச் சில பெட்டிகள், குறுகிய பயிற்சி பெற்ற ஆசிரியர், ஆங்கிலத்திலேயே மென்பொருள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் துணி போர்த்தி வைத்த கணினியைச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பார்த்தவர்களே அதிகம்.

பள்ளி தயங்கிய இடத்தில் மறுபடியும் கடைத்தெரு முந்திக்கொண்டது. கணினிப் பயிற்சி நிறுவனங்களான என்.ஐ.ஐ.டி. 1981-இலும் ஆப்டெக் 1986-இலும் தொடங்கின. சென்னையிலிருந்து எஸ்.எஸ்.ஐ., சி.எஸ்.சி. போன்றவை சிற்றூர்கள்வரை பரவின. பழைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகளே பாதி அறையைத் தடுத்து, குளிரூட்டி பொருத்தி, ‘கம்ப்யூட்டர் சென்டர்’ போர்டு மாட்டின. டி.சி.ஏ., பி.ஜி.டி.சி.ஏ. என்ற கணினிப் பட்டய எழுத்துகள் கல்யாணப் பத்திரிகைவரை ஏறின. காமர்ஸ் குரூப் பிள்ளைகளுக்கு டாலி வந்தது. பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்காவும் அவர் மகன் பரத் கோயங்காவும் 1986-இல் உருவாக்கிய இந்தக் கணக்கு மென்பொருள், பேரேடும் குறிப்பேடும் கற்றவர்களின் வேலையைத் திரைக்கு மாற்றியது. பிளஸ் டூவில் கணக்குப் பதிவியலில் நூற்றுக்கு நூறு வாங்கியவரும் ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர, வெளியே பணம் கட்டி டாலி படிக்க வேண்டியிருந்தது.

அரசின் அடுத்த முயற்சி தொண்ணூறுகளின் முடிவில். 1997-இல் தமிழக அரசு தகவல் தொழில்நுட்பக் கொள்கையை அறிவித்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை முறை பிறந்தது. முத்தையா மெஷினுக்குச் செய்ததை இது கணினிக்குச் செய்ய முயன்றது. அடுத்த ஆண்டு டைடல் பார்க் திறந்தது. இந்த உற்சாகத்தில்தான் 1999 வாக்கில் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் கணினி அறிவியல் பாடம் பரவலானது. கணினியையும் ஆசிரியரையும் சேர்த்தே தனியார் நிறுவனங்கள் மூலம் ஒப்பந்தத்தில் கொண்டுவந்தார்கள். மிகக் குறைந்த தொகுப்பூதியத்தில் வந்து, ஒரு தலைமுறைக்குக் கணினி சொல்லிக்கொடுத்த அந்த ஆசிரியர்கள், பணி நிரந்தரத்துக்காக நீதிமன்றப் படிகளில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

பாடநூலில் ஒரு துணிச்சல் இருந்தது. விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளை விட்டுவிட்டு ஸ்டார் ஆபீஸைப் பாடமாக வைத்தார்கள். பிளஸ் டூவுக்கு சி ப்ளஸ் ப்ளஸ். கிராமத்துப் பையன் வீட்டில் கணினி இல்லாமலேயே நிரல்களை மனப்பாடம் செய்து எழுதி முழு மதிப்பெண் வாங்கிய காலம் அது.

வீட்டுக்கே கணினி போனது 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டத்தால். திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த அது, அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிளஸ் டூ மாணவர்களுக்கும் கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் விலையில்லா மடிக்கணினி கொடுத்தது. தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. ‘படம் பார்க்கத்தான் வைத்திருக்கிறார்கள்’ என்று குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் இன்ஸ்டிடியூட்டின் ஒரு மணி நேரம், லேபின் அரை மணி நேரம் என்று எண்ணி எண்ணிக் கிடைத்த கருவி, முதன்முறையாக நாள் முழுக்க பிள்ளைகளின் மடியில் இருந்தது. 1886-இலிருந்து எந்தத் திட்டமும் செய்யாத காரியம் அது.

2018-இல் தொடங்கிப் பாடத்திட்டம் முழுவதும் மாறியது. முதல் குரூப்புக்குக் கணினி அறிவியல், காமர்ஸுக்குக் கணினிப் பயன்பாடுகள், தொழிற்பிரிவுக்குக் கணினித் தொழில்நுட்பம் என்று மூன்று பாடங்கள் பிரிந்தன. பிளஸ் டூவில் பைத்தான் வந்தது. காமர்ஸ் மாணவர்கள் பி.எச்.பி. கற்கிறார்கள். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசி அலகில் ஸ்க்ராட்ச் இருக்கிறது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைந்தன.

இத்தனையும் இருந்தும் பழைய இடைவெளி மூடவில்லை. அறிவியல் புத்தகத்தின் அந்தக் கடைசி அலகைச் சொல்லித்தர உயர்நிலைப் பள்ளிகளில் கணினி ஆசிரியர் பணியிடம் கிடையாது; கணினியில் பி.எட். முடித்தவர்கள் அதைக் கேட்டு ஆண்டுக்கணக்கில் மனுக் கொடுத்துவருகிறார்கள். தொழிற்பிரிவு ஆசிரியர்கள் ஓய்வு பெற்றதும் அந்த இடங்கள் நிரப்பப்படாமல், பல பள்ளிகளில் வொகேஷனல் குரூப்பே மூடப்பட்டுவிட்டது. அதில் படித்தவர்களுக்குப் பொறியியல் சேர்க்கையில் தனி ஒதுக்கீடு உண்டு. குரூப் போனால் அந்த வாசலும் அடைபடும். அரசு டைப்பிஸ்ட் வேலைக்குத் தேவையான ஆபீஸ் ஆட்டோமேஷன் சான்றிதழுக்கும் தட்டச்சுக்கும் பிள்ளைகள் இன்றும் பணம் கட்டி வெளியேதான் போகிறார்கள். ஆய்வகங்கள் கட்டியாகிவிட்டன, பாடநூல்களும் தயார். ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளிக்கும் ஒரு கணினி ஆசிரியரை நியமித்து, பள்ளி விட்ட பிறகு மாலையில் அந்த ஆய்வகங்களைத் திறந்து வைத்து, லோயர், ஹையர், டாலி மூன்றையும் அங்கேயே கற்பிக்க அரசு முன்வர வேண்டும்.