இருபத்தைந்தாம் பிரிவு

வெள்ளி விழா மலரில் அமெரிக்க நாட்டு வீட்டு நிறுவனம் ஒன்றின் வரலாறு எதற்கு என்று அன்பர்கள் வினவக்கூடும். நம்மவர் படித்துப் பதவி பெற்ற பின்னரும், வாடகைக்கு வீடு தேடிச் செல்லும்போது முதலில் எதிர்கொள்ளும் கேள்வி யாது என்பதை நாம் அறிவோம். அக்கேள்வியையே ஒப்பந்தத்தில் அச்சிட்டு, கையொப்பமும் வாங்கி, அரசின் ஆதரவோடு நகரங்களை எழுப்பிய ஒரு நிறுவனத்தின் கதை இது.

ஏபிரகாம் லெவிட் என்பவர் தம் மைந்தர் வில்லியம், ஆல்பிரட் ஆகியோருடன் 1929ஆம் ஆண்டில் 'லெவிட் அண்டு சன்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார். வில்லியம் வாணிகத்தைக் கவனித்தார். ஆல்பிரட் வீடுகளை வடிவமைத்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்து வீரர்கள் திரும்பியபோது அந்நாட்டில் வீட்டுப் பஞ்சம் தலைவிரித்தாடியது. 1947இல் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், உருளைக்கிழங்கு விளைந்த நிலங்களில் லெவிட் நிறுவனம் வீடு கட்டலாயிற்று.

கட்டிய முறை வியப்புக்குரியது. தொழிற்சாலையில் பொருள் நகரும், தொழிலாளி நிற்பான். இங்கோ வீடு நின்றது, தொழிலாளர் நகர்ந்தனர். தரைக்குக் காரை இட ஒரு குழு, சட்டம் நிறுத்த ஒரு குழு, வண்ணம் பூச ஒரு குழு என வேலை இருபத்தைந்துக்கும் மேற்பட்ட சிறு பணிகளாகப் பிரிக்கப்பட்டது. அளவாக அறுத்த மரம் வண்டிகளில் வந்து இறங்கியது. உச்ச நிலையில் நாளொன்றுக்கு முப்பது வீடுகள்! 1951க்குள் 17,447 வீடுகள் எழுந்தன. பள்ளியும் கடைத்தெருவும் நீச்சல் குளங்களும் அமைந்த அந்நகருக்கு லெவிட்டவுன் என்றே பெயர். 1949இல் விற்ற புது வீட்டின் விலை 7,990 டாலர். முன்னாள் வீரர் முன்பணம் இன்றியே வாங்கலாம். கடன் தவறினால் வங்கிக்கு அரசு ஈடு செய்யும். இந்த அரசு உறுதிமொழி இல்லையேல் லெவிட்டவுன் இல்லை.

முதலில் வாடகைக்கு விடப்பட்ட வீடுகளின் ஒப்பந்தத்தில் இருபத்தைந்தாம் பிரிவு ஒன்று இருந்தது. வெள்ளையர் அல்லாத எவரையும் அவ்வீட்டில் குடியிருக்க விடலாகாது என்றது அது. வீட்டு வேலைக்காரருக்கு மட்டும் விலக்கு உண்டு! பணி செய்ய உள்ளே வரலாம், குடியிருக்க வரலாகாது. களத்துமேட்டுக்கும் ஊர்த்தெருவுக்கும் இடையிலுள்ள நியாயத்தை அறிந்த நமக்கு இது புதிதன்று. போரில் உடன் நின்ற கறுப்பின வீரருக்கும் அங்கு வீடில்லை.

பழியை நிறுவனத்தின் மீது மட்டும் சுமத்துவது முறையாகாது. கடனுக்கு ஈடு நின்ற கூட்டரசு வீட்டு நிருவாகமே இத்தகைய தடைகளைப் பரிந்துரைத்து வந்தது. இனத் தடைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு அப்பிரிவு நீக்கப்பட்டது, வழக்கம் நீங்கவில்லை. வீட்டுச் சிக்கலைத் தீர்க்கலாம், அல்லது இனச் சிக்கலைத் தீர்க்க முயலலாம், இரண்டையும் சேர்த்துச் செய்ய இயலாது என்பது வில்லியம் லெவிட்டின் வாதம். அவரோ யூதர், யூதருக்கு வீடு மறுத்த பகுதிகளும் அந்நாளில் அந்நாட்டில் இருந்தன. தாழ்த்தப்பட்டவன் தனக்கும் கீழே ஒருவனைத் தேடும் நோய் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று.

1952இல் பென்சில்வேனியாவில் இரண்டாம் லெவிட்டவுன் தொடங்கியது. அங்கு 1957 ஆகஸ்டில் வில்லியம் மையர்ஸ், டெய்சி மையர்ஸ் என்ற கறுப்பினத் தம்பதியர் மூன்று குழந்தைகளுடன் குடியேறினர். கணவர் முன்னாள் படைவீரர். நிறுவனம் விற்காது என்பதால், முன்பு குடியிருந்தவரிடமிருந்தே அவ்வீட்டை வாங்கினர். இரவுதோறும் கூட்டம் திரண்டது. சன்னல்கள் கல்லெறிக்கு இரையாயின, காவலர் ஒருவர் கல் பட்டு மயங்கி வீழ்ந்தார், தீச்சிலுவை எரிந்தது. அண்டை வெற்று வீட்டைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பாளர் கூச்சலிட்டனர். துணை நின்ற வெள்ளையரும் உண்டு, அவர்களும் தொல்லைக்குள்ளாயினர். மாநில அரசு நீதிமன்றத்தில் தடையாணை பெற்ற பின்னரே ஆர்ப்பாட்டம் அடங்கியது. 1961 வரை அக்குடும்பம் அங்கேயே வாழ்ந்தது.

மூன்றாம் நகரம் நியூ ஜெர்சியில் 1958இல் எழுந்தது. கறுப்பினத்தாருக்கு விற்பதில்லை என்று நிறுவனம் வெளிப்படையாகவே அறிவித்தது. வீடு மறுக்கப்பட்டோர் வழக்குத் தொடுத்தனர். அரசின் கடன் உறுதி பெற்ற வீடு அரசு உதவி பெற்ற வீடே, அதில் இனவேற்றுமை கூடாது என்று 1960இல் மாநில உச்ச நீதிமன்றம் கூறிற்று. மதில் எழுப்ப உதவிய அதே உறுதிமொழி இம்முறை மதிலை உடைக்கும் கடப்பாரை ஆயிற்று. வில்லிங்பரோ எனப் பழம்பெயருக்கே திரும்பிய அந்நகரில் பிற்காலத்தில் கறுப்பின மக்களே பெரும்பான்மையினர் ஆயினர்.

வீட்டுவசதியில் இனவேற்றுமையை விலக்கிய கூட்டரசுச் சட்டம் வந்த 1968ஆம் ஆண்டிலேயே வில்லியம் லெவிட் நிறுவனத்தை விற்றுவிட்டார். ஆனால் 7,990 டாலர் வீடு அதற்குள் விலை ஏறத் தொடங்கியிருந்தது. இன்று அது பல இலட்சம் டாலர் பெறும். அவ்வேற்றம் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்பாகவும் பேரரின் முதலாகவும் மாறியது, முதலில் உள்ளே விடப்பட்டோருக்கு. லாங் ஐலண்டு லெவிட்டவுனில் 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போதும் கறுப்பினத்தார் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவரே.

பென்சில்வேனியாவில் அந்நகரத் தலைவர் 1999இல் டெய்சி மையர்சை அழைத்து மன்னிப்புக் கோரினார். அவர் கணவர் அதற்கு முன்பே காலமாகிவிட்டிருந்தார்.