பிடித்து விடுதல் (தூண்டில் மீன்பிடிப்பு)

பிடித்து விடுதல் என்பது தூண்டிலில் சிக்கிய மீனை உயிருடன் நீருக்கே திருப்பும் பொழுதுபோக்கு மீன்பிடி முறை. காவிரியின் கர்நாடகப் பகுதியில் கெண்டை இனத்துப் பெருமீனான மஹ்சீருக்கு இது நெடுங்காலம் கைக்கொள்ளப்பட்டது. நீந்திச் சென்ற மீன் பிழைத்துவிடும் என்று கொள்வதற்கில்லை. அதன் பிழைப்பைப் பெரிதும் முடிவுசெய்வது கையாளும் விதமே. போராடிக் களைத்த மீனின் தசையில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. அந்நிலையில் காற்றில் தூக்கினால் செவுள் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஆக்சிஜன் ஏற்பு ஏறத்தாழ நின்றுபோகிறது. ஃபெர்குசன், டஃப்ட்ஸ் ஆகியோர் வானவில் டிரவுட் மீன்களில் நடத்தி 1992இல் வெளியிட்ட ஆய்வில், களைப்பு மட்டும் அடைந்தவற்றில் 88 விழுக்காடு பிழைத்தன. கூடுதலாக 30 விநாடி காற்றில் வைக்கப்பட்டவற்றில் 62, ஒரு நிமிடம் வைக்கப்பட்டவற்றில் 28 விழுக்காடே பிழைத்தன.

இது ஆய்வக முடிவு, ஆற்றில் இறப்பு இவ்வளவு இராது என்பது நியாயமான மறுப்பு. களஆய்வுகள் பலவற்றில் இறப்பு குறைவுதான். ஆனால் வெந்நாளில், ஆக்சிஜன் குறைந்த நீரில் ஆபத்து ஏறுகிறது; எனவே எச்சரிக்கையின் தேவை குறைவதில்லை. பின்முள் இல்லாத தூண்டில், முடிச்சற்ற ரப்பர் வலை, தோலின் வழவழப்புப் படலத்தைக் காக்கும் ஈரக்கை, நீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றுதல் ஆகியவை ஏற்கப்பட்ட நடைமுறைகள். ஆழமாக விழுங்கிய முள்ளைப் பிடுங்குவதைவிட தூண்டில் நரம்பை அறுத்துவிடுவது மேல். (நிழற்படத்துக்காகச் செவுளில் விரல்விட்டுத் தூக்குவது இன்னும் ஒழியவில்லை.) விடுவதற்கென்றே பிடிப்பது கொடுமை என்ற ஆட்சேபம் வேறுவகையானது, சுவிட்சர்லாந்துச் சட்டம் அதை ஏற்றுத் தடை விதித்துள்ளது. கையாளும் திறன் இறப்பைக் குறைக்குமே தவிர, இக்கேள்விக்கு விடையாகாது.