காகங்களை விரட்டிய நிசப்தம்

தக்கலையில் ஒரு வீட்டு அறையை ஒலிப்பதிவுக்கூடம் ஆக்கினோம். சன்னலில் கம்பளி, சுவரில் முட்டை அட்டை, தரையில் ஜமுக்காளம். முட்டை அட்டை கீச்சொலியைக் கொஞ்சம் சிதறடிக்கும். பஸ்ஸின் உறுமலை ஒன்றும் செய்யாது. கம்பளிதான் எதிரொலியைத் தின்றது. பீர்முகமது அப்பாவின் ஞானப்புகழ்ச்சியைப் பாட வந்த பெரியவர் இரண்டடியிலேயே நிறுத்திவிட்டார்: "எவனோ வாயப் பொத்துன மாதிரி இருக்கு மோனே."

இந்த ஒட்டுவேலைக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1931இல் பம்பாயில் அர்தேஷிர் இரானி 'ஆலம் ஆரா'வை எடுத்தபோது ஸ்டுடியோவை ஒட்டி ரயில் ஓடியது. ரயில் ஓயும் நடுநிசியில் படம்பிடித்தார்கள். அதே கம்பெனிதான் அவ்வருடமே தமிழுக்குக் 'காளிதா'ஸைத் தந்தது. 1934இல் கே. சுப்ரமணியத்தின் 'பவளக்கொடி' அடையாறில், கூரையில்லாத ஸ்டுடியோவில், வெயில் வெளிச்சத்தில் எடுக்கப்பட்டது. பாகவதரின் பாட்டுக்கு நடுவே காகங்கள் கரைந்தன. விரட்டத் துப்பாக்கியோடு ஓர் ஆளை வைத்தார்கள்.

ஆக, நிசப்தம் என்பது தானாக இருப்பதல்ல. தொழிலாளியின் தூக்கத்தைப் பிடுங்கி, காகத்தை விரட்டி, உற்பத்தி செய்யப்படுவது. எது 'ஒலி', எது 'இரைச்சல்' என்பதை மைக் தீர்மானிப்பதில்லை; அதை வைக்கிறவன் தீர்மானிக்கிறான். தர்காவில் ஆண்டுதோறும் விடியவிடியக் கூட்டமாகப் பாடப்படுவதை நாங்கள் ஒற்றைக் குரலாக்கிக் கம்பளிக்குள் அடைத்திருந்தோம். கூட்டத்தையே இரைச்சல் என்று வெளியே நிறுத்தியிருந்தோம்.

கம்பளியை அவிழ்த்தோம். பெரியவர் தம்மோடு பாடுகிற நாலு பேரைக் கூட்டி வந்தார். பதிவில் பஸ் ஹாரன் இருக்கிறது. பாட்டும் இருக்கிறது.