தலைக்கணக்கும் தாது வருசமும்

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ஆம் தேதி நள்ளிரவைக் குறிச்சு, 2025 ஜூன்லயே அரசிதழ்ல போட்டுட்டாங்க. கடைசியா எடுத்தது 2011. பத்து வருசத்துக்கு ஒருமுறை வரவேண்டியது, பதினாறு வருசம் கழிச்சு வருது. டவுன்ல இருக்கற நீங்க இதை ஒரு ஃபாரம் பூர்த்தி செய்யற வேலையா பாக்கலாம். எங்க மாதிரி காட்டுக்காரங்களுக்கு இதுல வேற விசயம் இருக்கு. நாம யாரு, விவசாயியா இல்லையான்னு நாட்டோட ஏட்டுல எழுதறது இந்தக் கணக்குதான். அதனால இந்தக் கணக்கோட கதையைக் கொஞ்சம் விலாவாரியா எழுதறேன்.

முதல்ல எங்க ஜில்லாவுல இருந்தே ஆரம்பிக்கறேன்.

மெட்ராஸ் மாகாணத்துல ஊர் ஊரா தலை எண்ணின முதல் பெரிய கணக்கு 1871 நவம்பர்ல நடந்துச்சு. நாடு முழுக்க ஒரே சமயத்துல எடுக்காம, மாகாணத்துக்கு ஒரு தேதின்னு எடுத்ததால அதை 1872 கணக்குன்னும் சொல்லுவாங்க. எங்க மாகாணத்துக்கு அறிக்கை எழுதினவர் கார்னிஷ்னு ஒரு டாக்டர். சுகாதாரக் கமிஷனரா இருந்தவர். ஊர்ல எண்ணினது யாருன்னா, நம்ம கர்ணம், கணக்குப்பிள்ளைங்கதான். நிலவரிக் கணக்கு எழுதற அதே கை தலைக்கணக்கும் எழுதினா ஜனங்க என்ன நினைப்பாங்க? தலைக்கு வரி போடப்போறான்னுதான் நினைச்சாங்க. அந்தப் பயம் வெள்ளைக்காரன் எழுதின அறிக்கைகள்ல எல்லாம் திரும்பத் திரும்ப வருது. அதுல ஜனங்களைக் குத்தம் சொல்லறதுக்கு ஒண்ணுமில்லை. அதுவரைக்கும் சர்க்கார் எதை எண்ணினாலும் பின்னாடியே வசூல் வந்திருக்கு.

அப்போ சேலம் ஜில்லான்னா தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்தது. 1871-ல அங்க எண்ணின தலை சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம். அடுத்த கணக்கு 1881. பத்து வருசத்துல கூடியிருக்கணும். ஆனா வந்த எண்ணிக்கை 16 லட்சம்தான். மூணரை லட்சத்துக்கு மேல ஆளைக் காணோம்.

நடுவுல வந்தது தாது வருசப் பஞ்சம். 1876-லயும் 1877-லயும் மழை பொய்ச்சுது. 1878 வரைக்கும் அதோட வேகம் அடங்கலை. எங்க பக்கம் இன்னைக்கும் வயசானவங்க தாது வருசம்னு சொன்னா குரலைக் கொஞ்சம் இறக்கித்தான் சொல்லுவாங்க. மூணரை லட்சமும் செத்ததுன்னு சொல்லிட முடியாது. இலங்கைக்கும் மத்த தோட்டங்களுக்கும் பொழைக்கப் போனவங்க உண்டு, பொறக்காமப் போன குழந்தைகளும் உண்டு. ஆனா பெரும்பங்கு எங்க போச்சுன்னு எல்லாருக்கும் தெரியும்.

இதுல என் மனசுல நிக்கறது அந்த கார்னிஷ்தான். பஞ்ச வேலைக்கு வர்ற கூலிக்காரனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும்னு, வைசிராய் அனுப்பின ரிச்சர்டு டெம்பிள்ங்கற அதிகாரி வெட்டினார். அரை கிலோவுக்கும் குறைவான தானியம், அதுக்கு நாள் பூரா மண்வெட்டி பிடிக்கணும். அது உசிரு தாங்காதுன்னு எழுத்து மூலமா சண்டை போட்டவர் கார்னிஷ். 1871-ல தலை எண்ணின அதே ஆள். அவர் எண்ணி வெச்ச கணக்கு மட்டும் இல்லைன்னா, 1881-ல எத்தனை பேரைக் காணோம்னு சொல்ல ஒரு ஆதாரமும் இருந்திருக்காது. வரிக்குத்தான் எண்ணறான்னு பயந்த கணக்கு, கடைசியில சர்க்காருக்கே எதிரா சாட்சி சொல்லுச்சு.

நாடு முழுக்க ஒரே ராத்திரியில எண்ணின முதல் கணக்கு 1881 பிப்ரவரி 17. ஒரே ராத்திரியில எப்படி முடியும்னு கேப்பீங்க. அதுக்கு சில வாரம் முன்னாடியே வீட்டுக்கு வீடு நம்பர் போட்டு, இருக்கறவங்க பேரை எழுதி வெச்சுக்குவாங்க. குறிச்ச ராத்திரி லாந்தரைத் தூக்கிட்டு மறுபடி ஒரு சுத்து. இடையில செத்தவங்களை அடிக்கறது, பொறந்ததைச் சேக்கறது, ஊருக்குப் போனவங்களை எடுத்துட்டு வந்த விருந்தாளியை எழுதறது. அதனாலதான் நிலா வெளிச்சம் இருக்கற நாளா, கல்யாண முகூர்த்தம், தேர்த் திருவிழா இல்லாத நாளா பாத்து வெப்பாங்க. திருவிழா நாள்ல எண்ணினா ஒரு ஊருக்கு மூணு ஊர் ஜனம் கணக்குல ஏறிடும் இல்லையா. இந்த ஒரு ராத்திரி முறை 1931 வரைக்கும் ஓடுச்சு.

எண்ணினதைக் கூட்டறது அடுத்த பாடு. 1901-ல சீட்டு முறை வந்துச்சு. ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. எந்த மதம்ங்கறதுக்கு சீட்டோட கலர், ஆணா பெண்ணாங்கறதுக்கு ஒரு குறி. அறை அறையா பிரிச்ச பெட்டியில சீட்டைப் போட்டு எண்ணி எண்ணி அடுக்குவாங்க. கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல கோடிக்கணக்கான சீட்டு இப்படி மனுசக் கையாலதான் பிரிஞ்சிருக்கு.

1941-ல உலகச் சண்டை. காகிதம் இல்லை, பணம் இல்லை. எல்லாச் சீட்டையும் அலசி அட்டவணை போட முடியலை. அப்போ கமிஷனரா இருந்த யீட்ஸ் ஒரு வேலை செஞ்சார். ஐம்பது சீட்டுக்கு ஒரு சீட்டுன்னு தனியா எடுத்து வைக்கச் சொன்னார். எப்பவாவது வசதி வந்தா அந்த 2 சதவீதத்தை மட்டும் அலசினாப் போதும்னு. மாதிரி எடுத்துப் பாக்கறது நம்ம நாட்டு ஜனக்கணக்குல பெரிய அளவுல நுழைஞ்சது இப்படித்தான், பஞ்சப்பாட்டுல. 1951-ல ஆர். ஏ. கோபாலசுவாமி தலைமையில எடுத்த கணக்குலயும் பத்துல ஒரு பங்கு சீட்டை மாதிரியா பிரிச்சு வெச்சாங்க. 1981-ல இன்னும் ஒரு படி போய், பெரிய மாநிலங்கள்ல சில கேள்விகளை ஐஞ்சுல ஒரு பகுதியில மட்டுமே கேட்டாங்க. ஊர் விட்டு ஊர் போனது, எத்தனை பிள்ளை பெத்தீங்க மாதிரி கேள்விகள்.

மாதிரின்னா என்னான்னு மரவள்ளி போடறவனுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. லாரி நிறைய கிழங்கு போகும். மில்லுல ஒரு நாலைஞ்சு கிலோவை எடுத்து எடை போட்டு மாவுச்சத்து எத்தனை பாயிண்டுன்னு பாப்பாங்க. அந்த பாயிண்ட்தான் மொத்த லோடுக்கும் விலை. ஆனா அந்தக் கிழங்கை எடுக்கறது யாரு? வாங்கறவன் எடுத்தா சூம்பின கிழங்கா எடுப்பான், நாம எடுத்தா விளைஞ்ச கிழங்கா எடுப்போம். யாரோட ஆசையும் படாம, லோடு முழுக்கப் பரவலா, கண்ணை மூடிட்டு எடுத்தாத்தான் அது ஞாயமான மாதிரி. புள்ளியியல் படிச்சவங்க குலுக்கல் முறைன்னு சொல்லறது இதைத்தான். ஐம்பதாவது சீட்டுன்னு யீட்ஸ் விதி போட்டதும், சீட்டைப் பொறுக்கறவனோட இஷ்டத்துக்கு விடக்கூடாதுன்னுதான்.

இன்னைக்கு நாட்டுல பொறப்பு விகிதம், குழந்தை சாவு விகிதம்னு பேப்பர்ல வருதே, அதெல்லாம் பெரும்பாலும் மாதிரிக் கணக்குதான். 1969-70-ல இருந்து முழுசா நடக்கற மாதிரிப் பதிவு முறைன்னு ஒண்ணு இருக்கு. தேர்ந்தெடுத்த ஊர்ல, பெரும்பாலும் உள்ளூர் வாத்தியாரோ அங்கன்வாடிக்காரம்மாவோ, பொறப்பு சாவை அப்பப்ப எழுதிட்டே வருவாங்க. ஆறு மாசத்துக்கு ஒருதரம் வேற ஒருத்தர் வந்து, அந்த நோட்டைப் பாக்காம தனியா விசாரிச்சு எழுதுவார். ரெண்டையும் ஒப்பிட்டு, ஒட்டாததை மட்டும் திரும்பப் போய் விசாரிப்பாங்க. நல்ல ஏற்பாடு. ஆனா இப்படி மாதிரிக்கு ஊரைப் பொறுக்கறதுக்கு ஊர்ப் பட்டியல் வேணும். அந்தப் பட்டியல் ஜனக்கணக்குல இருந்துதான் வரும். 2011 பட்டியலை வெச்சு 2025-ல ஊர் பொறுக்கினா, நடுவுல வளர்ந்த லேஅவுட்டும் காலியான தெருவும் அதுல எப்படித் தெரியும்?

முழுக் கணக்குலயும் ஓட்டை உண்டு. 1951-ல இருந்தே கணக்கு முடிஞ்சதும் சில பகுதிகளை மட்டும் குலுக்கி எடுத்து, மறுபடி போய் எண்ணிச் சரி பாக்கறாங்க. 2011-ல ஆயிரத்துக்கு 23 பேர் விட்டுப்போயிருக்காங்கன்னு வந்துச்சு. 121 கோடியில அது ரெண்டே முக்கால் கோடிக்கு மேல. அதைச் சேத்து மொத்தத்தைத் திருத்தறதில்லை, எண்ணினது எண்ணினபடியே நிக்கும். 27 லட்சம் பேர், பாதிக்கு மேல பள்ளிக்கூட வாத்தியாருங்க, வேகாத வெயில்ல நடந்து எடுத்த கணக்கு அது. பிப்ரவரி 28 ராத்திரி பஸ் ஸ்டாண்டுலயும் பாலத்துக்கு அடியிலயும் படுத்திருந்தவங்களைக் கூட எழுப்பி எழுதினாங்க. அவங்களைக் குறை சொல்லமாட்டேன்.

என் குறை எல்லாம் விவசாயின்னு யாரை எழுதறாங்கங்கறதுலதான்.

விதி என்னன்னா, வருசத்துல ஆறு மாசம், அதாவது 183 நாள் வேலை செஞ்சாத்தான் முழு உழைப்பாளி. சொந்த நிலமோ, குத்தகையோ, வாரமோ, லாப நட்டம் தன் தலையில விழற மாதிரி வெள்ளாமை பண்ணினா அவன் சாகுபடியாளர். நட்டம் அவன் தலையில விழாம, அடுத்தவன் காட்டுல கூலிக்குப் போனா விவசாயத் தொழிலாளி. இதுவரைக்கும் சரி. ஆனா 2001, 2011 கணக்கு ரெண்டுலயும் மரவள்ளி போட்டவன் சாகுபடியாளர், தென்னந்தோப்பு வெச்சவன் இல்லை. தேயிலை, காப்பி, ரப்பரோட தென்னையும் பாக்கும் தோட்டப் பயிர்னு சேத்துட்டதால, பத்து ஏக்கர் தோப்புக்காரரும் ‘இதர வேலை’ பட்டியல்ல மளிகைக் கடைக்காரரோட உக்காந்திருக்கார். தண்ணி இல்லாம, ஆள் கிடைக்காம காட்டைத் தோப்பா மாத்தினவங்க எங்க பக்கம் எத்தனையோ பேர். அவங்க வேட்டி இன்னும் மண்ணாத்தான் இருக்கு.

இதை மனசுல வெச்சுக்கிட்டு இந்த எண்ணைப் பாருங்க. 2001-ல நாட்டுல சாகுபடியாளர் 12 கோடியே 73 லட்சம். 2011-ல 11 கோடியே 88 லட்சம். விவசாயத் தொழிலாளி 10 கோடியே 68 லட்சத்துல இருந்து 14 கோடியே 43 லட்சம். நிலம் பிடிச்சு வெள்ளாமை பண்ணறவனை விட கூலிக்குப் போறவன் அதிகம்னு ஆயிடுச்சு. தமிழ்நாட்டுல சாகுபடியாளர் 51 லட்சத்துல இருந்து 42 லட்சம். இதுல தோப்புக்கு மாறினவன் கொஞ்சம், ஒரு போகம் முடிச்சுட்டு மிச்ச நாள் லாரி ஓட்டப்போனவன் கொஞ்சம். ஆனா கணக்குப் பண்ணற முறையைச் சொல்லி எல்லாத்தையும் மூடிட முடியாது. நிலத்தை வித்துட்டு அதே நிலத்துல கூலிக்கு நிக்கறவனை நானே பாத்திருக்கேன்.

பொம்பளைங்க கணக்கு இதைவிட மோசம். வாசல்ல நின்னு வாத்தியார், "வீட்டம்மா வேலைக்குப் போறாங்களா?"ன்னு கேப்பார். கயித்துக் கட்டில்ல படுத்திருக்கற ஆம்பளை, "அது சும்மா வீட்டுலதான் இருக்குது"ம்பான். அந்நேரம் அந்தம்மா காட்டுல களை எடுத்துட்டு இருக்கும். இந்தப் பதிலைத் தடுக்கத்தான் 1991-ல கேள்வியையே மாத்தி, குடும்பக் காட்டுல கூலி வாங்காம செய்யற வேலையும் சேத்துத்தான்னு வாசகத்துலயே போட்டாங்க. அப்புறம் வீட்டுச் செலவுக்கு மட்டும் பால் கறந்தாலும் அது வேலைதான்னு விதி வந்துச்சு. விதி நல்லாத்தான் இருக்கு, பதில் சொல்லற வாய்தான் மாறலை.

1948-ல போட்ட சென்சஸ் சட்டத்துல ஒரு இடம் உண்டு. சம்பிரதாயப்படி புருசன் பேரைச் சொல்லக்கூடாதுன்னா, அந்தப் பேரைச் சொல்லச் சொல்லி எந்தப் பொம்பளையையும் கட்டாயப்படுத்த முடியாது. எங்கம்மா தலைமுறைக்கு அது பெரிய நிம்மதி. அதே சட்டம், நாம சொன்னதைக் கோர்ட்டுல கூட சாட்சியா எடுக்க முடியாதுன்னும் சொல்லுது. அதனால 1871-ல பயந்த மாதிரி வரிக்குப் பயந்து யாரும் எதையும் மறைக்க வேண்டியதில்லை. டவுன்ல இருக்கற நீங்க ஊர்ல இருக்கற அப்பா அம்மாகிட்ட இதை ஒரு போன் பண்ணிச் சொல்லிடுங்க.

எங்க வீட்டுல ரெண்டு மாடு. விடியக்காலை அஞ்சு மணிக்கு ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் கறக்கறது என் வீட்டுக்காரம்மா. தீபாவளி, பொங்கல்னு லீவு கிடையாது, 365 நாளும் உண்டு. களை, அறுப்பு, கிழங்கு வெட்டு இதெல்லாம் தனி. இந்தத் தடவை வாத்தியாரோ டீச்சரோ வந்தா, வேலைக் கேள்விக்கு அவங்களே திண்ணையில உக்காந்து பதில் சொல்லட்டும். அந்நேரம் டீ போடறது நான்.