ஸ்னேர் சத்தத்துக்குள்ள ஒரு மாடிப்படி

இன்னைக்கு எபிசோடை ஒரு சின்ன வேலையோட ஆரம்பிப்போம். உங்க அபார்ட்மென்ட் மாடிப்படிக்குப் போய் ஒரு தடவை பலமா கை தட்டுங்க. அப்புறம் பெட்ரூமுக்கு வந்து அதே மாதிரி தட்டுங்க. கை அதேதான், ஆனா சத்தம் வேற. இன்னைக்குக் கதை இந்த வித்தியாசத்தைப் பற்றியதுதான்.

லெட் செப்பெலின் 1971 நவம்பரில் வெளியிட்ட நான்காவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, 'வென் த லெவி பிரேக்ஸ்'. மெம்பிஸ் மின்னியும் கன்சஸ் ஜோ மெக்காயும் 1929-ல் பதிவு செய்த ப்ளூஸ் பாட்டின் மறுவடிவம் இது. ஆரம்பத்தில் டிரம்ஸ் மட்டும்தான் கேட்கும். ஜான் பான்ஹமோட அந்த ஸ்னேர் அடி, ஏதோ மலைக்குகையில இருந்து வர்ற மாதிரி இருக்கும். அதே சத்தம் வேணும்னு இன்னும் எத்தனையோ பேர் முயற்சி பண்ணிட்டிருக்காங்க.

முதல்ல எல்லாரும் தேடிப் போறது அவரோட டிரம்மைத்தான். லுட்விக் சுப்ராஃபோனிக் 402: 14 அங்குல அகலம், 6.5 அங்குல ஆழம், குரோம் பூசின அலுமினிய உடம்பு. இன்னைக்கும் கடையில கிடைக்கும். வாங்கிட்டு வந்து பெட்ரூம்ல அடிச்சா, அந்தச் சத்தம் வராது.

ஏன்னு புரிய, இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயருக்குப் போகணும். அங்கே ஹெட்லி கிரேஞ்ச் என்றொரு பழைய வீடு. 1795-ல் ஏழைகள் விடுதியாகக் கட்டப்பட்டது. இசைக்குழு அங்கேயே தங்கி, வெளியே நிறுத்திய ரோலிங் ஸ்டோன்ஸ் மொபைல் ஸ்டுடியோ வண்டி மூலமா ரெக்கார்ட் செய்தது.

அந்தக் காலத்துல ஸ்டுடியோக்கள்ல டிரம்ஸை எதிரொலி இல்லாத அறையில வெச்சு, ஒவ்வொரு டிரம்முக்கும் பக்கத்துல மைக் வைக்கிற பழக்கம் பரவிட்டிருந்தது. இங்கே நேர் எதிர். டிரம்ஸை வீட்டின் நுழைவு ஹாலில் வைத்தார்கள். சவுண்ட் இன்ஜினியர் ஆண்டி ஜான்ஸ், மாடிப்படிக்கு மேலே இரண்டு பேயர்டைனமிக் எம்160 மைக்குகளைத் தொங்கவிட்டார். ஸ்னேருக்குன்னு தனி மைக் கிடையாது. அந்த ஒலி பின்சன் எக்கோரெக் என்ற இத்தாலிய எக்கோ மெஷின் வழியாகவும், கம்ப்ரெஸர் வழியாகவும் போனது. ஹாலில் வாசிக்கிற யோசனை யாருடையது என்பதில் மட்டும் ஜிம்மி பேஜும் ஆண்டி ஜான்ஸும் வேறு வேறு கதை சொல்லியிருக்காங்க.

இப்போ என்ன நடக்குதுன்னு பாருங்க. மைக் தூரத்துல இருந்தா, நேரா வர்ற அடியை விட, சுவரில் மோதித் திரும்பற ஒலி அதிகமா பதிவாகும். கம்ப்ரெஸர் அடியோட உச்சத்தை அமுக்கும். அதனால பின்னால வர்ற எதிரொலி மேலே எழும். மூச்சு விடற மாதிரி கேட்குதே, அது இதுதான். அதாவது, நீங்க ஸ்னேர்னு கேட்கறதுல பாதி மாடிப்படி!

சரி, அறையோட எதிரொலியை இன்னைக்கு ஒரு பிளகினே தந்துடும். அப்புறமும் ஒண்ணு குறையும். இரண்டே மைக்னா, பிறகு மிக்ஸ் பண்றப்போ ஸ்னேரை மட்டும் தனியா ஏத்தவோ இறக்கவோ முடியாது. கிக், ஸ்னேர், சிம்பல் எது எவ்வளவு கேட்கணும்னு, வாசிக்கும்போதே பான்ஹமோட கையும் காலும் முடிவு பண்ணிடுச்சு. அந்த பேலன்ஸைச் சரிபண்ண பட்டன் கிடையாது.

ஹிப்-ஹாப் கலைஞர்கள் குறுக்குவழி பிடிச்சாங்க. பீஸ்டி பாய்ஸ் 1986-ல் அந்த டிரம்ஸையே வெட்டியெடுத்து 'ரைமின் அண்ட் ஸ்டீலின்' பாட்டில் ஒட்டினார்கள்.

நீங்களே முயற்சி பண்ணணும்னா, ஸ்னேர்மேல துணி, தலையணை எதுவும் வைக்காதீங்க. தோலை நல்லா இழுத்துக் கட்டுங்க. மைக்கை எட்டத்துல வெச்சு, சிம்பலை மெதுவாவும் ஸ்னேரை பலமாவும் அடிச்சுப் பழகுங்க. புது ஸ்னேர் வாங்கறதுக்கு முன்னாடி, இருக்கறதைத் தூக்கிட்டு ஒரு நல்ல மாடிப்படியைத் தேடுங்க. பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு!

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.