இம்மெராட்

இம்மெராட் என்பது ஜெர்மனியின் மேற்குப் பகுதியில், வடக்கு ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தின் ஹைன்ஸ்பெர்க் மாவட்டத்தில் இருந்த ஒரு கத்தோலிக்கப் பங்குக் கிராமம் ஆகும். இது எர்க்கெலென்ஸ் நகராட்சியின் ஒரு பகுதியாக விளங்கியது. 1144ஆம் ஆண்டின் ஆவணம் ஒன்றில் முதன்முதலாகக் குறிப்பிடப்படும் இவ்வூர், கார்ட்ஸ்வைலர் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தின் விரிவாக்கத்திற்காக 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலி செய்யப்பட்டு இடிக்கப்பட்டது. ஊரின் அடையாளமாக நின்ற புனித லம்பேர்ட் ஆலயம் 2018 சனவரியில் தகர்க்கப்பட்டது. இவ்வூர் மக்களில் பலர் கூக்கோவன் என்னும் ஊருக்கு அருகே அமைக்கப்பட்ட புதிய இம்மெராடில் குடியேறினர்.

அமைவிடமும் மண்வளமும்

இம்மெராட் எர்க்கெலென்ஸ் நகருக்குத் தென்கிழக்கே, ரைன் ஆற்றுக்கும் மாஸ் ஆற்றுக்கும் இடைப்பட்ட சமவெளியில் அமைந்திருந்தது. இச்சமவெளியின் மேற்பரப்பில் லோயெஸ் எனப்படும், பனியூழிக் காலத்தில் காற்றால் கொண்டுவரப்பட்ட நுண்மண் படிந்துள்ளது. ஜெர்மனியின் மிக வளமான விளைநிலங்களுள் ஒன்றான இப்பகுதியில் கோதுமை, சர்க்கரைக் கிழங்கு, உருளைக்கிழங்கு முதலியன பயிரிடப்படுகின்றன.

இம்மண்ணில் வேளாண்மை மிகப் பழமையானது. கூக்கோவனில் 1990ஆம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்ட மரக் கிணறு ஒன்று, அதன் கருவாலி மரப்பலகைகளின் ஆண்டு வளையங்களைக் கொண்டு ஏறத்தாழ கி.மு. 5090ஆம் ஆண்டைச் சேர்ந்தது எனக் கணிக்கப்பட்டுள்ளது. ஐரோப்பாவின் முதல் உழவர்களின் கைவண்ணமான இக்கிணறு, உலகின் மிகப் பழைய மரக் கட்டுமானங்களுள் ஒன்றாகும். இதே மண்ணின் அடியில் பழுப்பு நிலக்கரிப் படுகை அமைந்திருப்பதே இம்மெராடின் அழிவுக்குக் காரணமாயிற்று.

பெயர்

ஊர்ப்பெயரின் ஈற்றில் வரும் "ராட்" என்னும் பகுதி, காட்டை வெட்டித் திருத்திய நிலத்தைக் குறிக்கும் பழைய ஜெர்மானியச் சொல்லிலிருந்து வந்ததாகும். சுற்றுவட்டாரத்தில் இவ்வாறு முடியும் ஊர்ப்பெயர்கள் பல உள்ளன. 1168இல் முதன்முதலாகக் குறிப்பிடப்படும் அண்டைச் சிற்றூரான லுட்செராடின் பெயருக்குச் "சிறிய திருத்துநிலம்" என்பது பொருள். இடைக்காலத்தில் காடு திருத்தி ஊர்கள் எழுந்த வரலாற்றை இப்பெயர்கள் காட்டுகின்றன.

வரலாறு

இடைக்காலத்தின் பிற்பகுதியிலும் அதன் பின்னரும் இம்மெராட் யூலிஷ் கோமகப் பகுதியைச் சேர்ந்திருந்தது. 1794ஆம் ஆண்டு பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் ரைன் ஆற்றின் இடக்கரையைக் கைப்பற்றியபோது இவ்வூரும் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்டது. நெப்போலியனின் வீழ்ச்சிக்குப் பின்னர், 1815இல் வியன்னா மாநாட்டின் முடிவுப்படி இப்பகுதி பிரஷ்யாவிடம் சென்றது. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், 1945 பெப்ரவரியில் அமெரிக்கப் படைகள் எர்க்கெலென்ஸ் வட்டாரத்தைக் கைப்பற்றின. 1972ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சீரமைப்பில் இம்மெராட் எர்க்கெலென்ஸ் நகராட்சியுடன் இணைக்கப்பட்டது.

ஊரின் பொதுவாழ்வு பங்குக் கோவிலைச் சுற்றியே அமைந்திருந்தது. இப்பங்கு ஆகன் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. சிறிய ஊராயினும் இங்கு மருத்துவமனை ஒன்றும் இயங்கியது.

புனித லம்பேர்ட் ஆலயம்

பங்கின் பாதுகாவலரான லம்பேர்ட், மாஸ்ட்ரிக்ட் ஆயராக இருந்து 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியேஜில் கொல்லப்பட்டவர். ரைன்-மாஸ் பகுதியில் அவர் பெயரில் பல ஆலயங்கள் உள்ளன.

இம்மெராடில் இடிக்கப்படும் வரை நின்ற ஆலயம் 1888 முதல் 1891 வரை கட்டப்பட்டது. இதனை வடிவமைத்தவர் எராஸ்மஸ் ஷூலர் என்னும் கட்டிடக் கலைஞர். புதிய ரோமனெஸ்க் பாணியில், நடுக்கூடமும் இருபுறப் பக்கக்கூடங்களும் மேற்கு முகப்பில் இரட்டைக் கோபுரங்களும் கொண்டதாக இது அமைந்தது. சமவெளியில் வெகு தொலைவிலிருந்தே இக்கோபுரங்கள் தெரியும். ஓர் உழவர் கிராமத்துக்கு மிகப் பெரியதாக இருந்ததால் சுற்றுப்புற மக்கள் இதனை "இம்மெராட் பேராலயம்" என அழைத்தனர். ஆயரின் இருக்கையாக இது ஒருபோதும் இருந்ததில்லை. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களின் பட்டியலில் இது இடம்பெற்றிருந்தது. எனினும் சுரங்கத் திட்டத்தின் முன் அப்பாதுகாப்பு பயன்படவில்லை.

நிலக்கரிச் சுரங்கமும் இடப்பெயர்வும்

ரைன்லாந்தில் பழுப்பு நிலக்கரி திறந்தவெளிச் சுரங்கங்களிலிருந்து எடுக்கப்படுகிறது. மேல்மண் முழுவதும் அகற்றப்படுவதால் அதன்மீதுள்ள வயல், சாலை, ஊர், கல்லறைத் தோட்டம் எதுவும் எஞ்சுவதில்லை. இப்பணியைச் செய்யும் வாளிச்சக்கர அகழ்பொறிகளுள் பெரியவை 90 மீட்டருக்கும் அதிக உயரமும், நாளொன்றுக்கு ஏறத்தாழ 240,000 டன் வரை அகழும் திறனும் கொண்டவை. எடுக்கப்படும் நிலக்கரி அருகிலுள்ள அனல்மின் நிலையங்களில் எரிக்கப்படுகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ரைன்லாந்துச் சுரங்கங்களுக்காக 40,000க்கும் மேற்பட்டோர் இடம்பெயர்க்கப்பட்டுள்ளனர்.

கார்ட்ஸ்வைலர் சுரங்கத்தின் பெயரே அதனால் மறைந்த ஓர் ஊரின் பெயராகும். அச்சுரங்கத்தை மேற்கு நோக்கி விரிவாக்கும் இரண்டாம் கட்டத் திட்டத்திற்கு 1995ஆம் ஆண்டு மாநில அரசு ஒப்புதல் அளித்தது. ஓட்சென்ராட், போர்ஷெமிஷ், பெஷ், இம்மெராட் முதலிய ஊர்கள் இத்திட்டத்தின் எல்லைக்குள் வந்தன. 1980ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சுரங்கச் சட்டப்படி, நிலத்தடி நிலக்கரி நிலத்தின் உரிமையாளருக்கு உரியதன்று. பொதுநலன் கருதி நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தவும் அச்சட்டம் இடமளிக்கிறது. சுரங்கத்தை நடத்துவது ஆர்.டபிள்யூ.இ. நிறுவனம் ஆகும்.

இம்மெராட், பெஷ், லுட்செராட் ஆகிய ஊர்களின் இடப்பெயர்வு 2006இல் தொடங்கியது. அண்டை வீட்டாரும் சங்கங்களும் பிரிந்துவிடாதிருக்க, ஊர் முழுவதையும் ஒரே இடத்துக்கு மாற்றுவது இம்முறையின் நோக்கம் ஆகும். வீட்டுக்கு இழப்பீடும் புதிய ஊரில் மனையும் வழங்கப்பட்டன. கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டிருந்தோரின் எச்சங்களும் தோண்டி எடுக்கப்பட்டு மாற்றப்பட்டன. எல்லாரும் புதிய ஊருக்குச் செல்லவில்லை. சிலர் வேறு இடங்களைத் தேர்ந்தனர். ஆயிரம் பேரளவில் வாழ்ந்த ஊர் சில ஆண்டுகளில் வெறுமையானது.

நீதிமன்றத் தீர்ப்பு

இம்மெராட்வாசி ஒருவரும் "புண்ட்" என்னும் சுற்றுச்சூழல் அமைப்பும் தொடுத்த வழக்குகளில் ஜெர்மனியின் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் 2013 திசம்பர் 17 அன்று தீர்ப்பு வழங்கியது. சொந்த ஊரில் தொடர்ந்து வாழும் உரிமை அரசியலமைப்பில் உண்டா என்பது இவ்வழக்கின் மையக் கேள்வியாக இருந்தது.

நடமாட்டச் சுதந்திரம் பற்றிய பிரிவு அத்தகைய தனி உரிமை எதனையும் அளிக்கவில்லை என நீதிமன்றம் கூறி, இம்மெராட்வாசியின் முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அதே வேளையில், ஒருவர் தம் ஊருடன் கொண்டுள்ள பிணைப்பு சொத்துரிமையின் பாதுகாப்பினுள் அடங்கும் எனவும், பலரை இடம்பெயர்க்கும் திட்டங்களில் அதனையும் சேர்த்து எல்லா நலன்களையும் சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும் எனவும் தீர்ப்பில் கூறப்பட்டது. முடிவு இன்னும் மாற்றப்படக்கூடிய நிலையில் இருக்கும்போதே பாதிக்கப்படுவோர் நீதிமன்றத்தை நாட இயலவேண்டும் என்பதும் வலியுறுத்தப்பட்டது. புண்ட் அமைப்பின் பழமரத் தோட்டத்தைக் கையகப்படுத்தியது அதன் உரிமையை மீறியதாகும் என நீதிமன்றம் கண்டது. ஆயினும் அத்தோட்டம் அதற்கு முன்னரே அகழப்பட்டுவிட்டது.

இத்தீர்ப்பு பிற்காலத்தில் இத்தகைய திட்டங்களால் பாதிக்கப்படுவோரின் நிலையை வலுப்படுத்தியது. இம்மெராடுக்கு அதனால் பயன் கிட்டவில்லை.

ஆலயத்தின் இடிப்பு

தீர்ப்புக்கு இரு மாதங்களுக்கு முன்னர், 2013 அக்டோபர் 13 அன்று புனித லம்பேர்ட் ஆலயத்தில் இறுதித் திருப்பலி நிறைவேற்றப்பட்டு, அக்கட்டிடம் வழிபாட்டு இடம் என்னும் நிலையிலிருந்து முறைப்படி நீக்கப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆலயம் வெறுமையாக நின்றது.

2018 சனவரி 8 அன்று இடிப்புப் பணி தொடங்கவிருந்தபோது கிரீன்பீஸ் அமைப்பின் ஆர்வலர்கள் அங்கு நுழைந்து பணியைச் சில மணிநேரம் தடுத்தனர். பின்னர் தொடங்கிய பணி மறுநாள் முடிவடைவதற்குள் இரு கோபுரங்களும் வீழ்த்தப்பட்டன. முன்னாள் ஊர்மக்கள் பலர் வேலிக்கு வெளியே நின்று இதனைக் கண்டனர். இடிப்புக் காட்சிகள் பல நாடுகளின் ஊடகங்களில் வெளியாகி, நிலக்கரி பற்றிய விவாதத்தை மேலும் சூடேற்றின.

காப்பாற்றப்பட்ட ஊர்கள்

சுரங்க எல்லை ஒரே நிலையில் இருக்கவில்லை. முதலில் அழிவுப் பட்டியலில் இருந்த ஹோல்ட்ஸ்வைலர் 2016ஆம் ஆண்டு மாநில அரசின் முடிவால் தப்பியது. 2022 அக்டோபரில் ரைன்லாந்தின் நிலக்கரிப் பயன்பாட்டை 2038க்குப் பதிலாக 2030இலேயே முடிப்பதென அரசுகளும் நிறுவனமும் உடன்பட்டன. இதனால் கையன்பெர்க், குக்கும், பெர்வெராட், மேல் வெஸ்ட்ரிஷ், கீழ் வெஸ்ட்ரிஷ் ஆகிய ஐந்து ஊர்கள் இடிபடாமல் தப்பின. ஆனால் அவ்வூர்களின் மக்களில் பெரும்பாலோர் அதற்குள் வெளியேறிவிட்டிருந்தனர்.

அதே உடன்பாட்டின்படி லுட்செராட் சுரங்கத்திற்கு விடப்பட்டது. அங்கு கூடாரமிட்டிருந்த காலநிலை ஆர்வலர்களைக் காவல்துறையினர் 2023 சனவரியில் அகற்றினர். அம்மாதம் 14ஆம் நாள் நடைபெற்ற எதிர்ப்புப் பேரணியில் பல்லாயிரவர் கலந்துகொண்டனர்.

இன்றைய நிலை

பழைய இம்மெராட் நிலப்படத்தில் இல்லை. சுரங்கப் பணி முடிந்தபின் எஞ்சும் பெருங்குழியில் ரைன் ஆற்று நீரைக் குழாய்வழி கொணர்ந்து ஏரியாக்கத் திட்டமிடப்பட்டுள்ளது. ஏரி நிரம்பப் பல பத்தாண்டுகள் ஆகும். ஊரின் பெயரைப் புதிய குடியிருப்பு தாங்கி நிற்கிறது. எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருந்த ஓர் ஊர் சட்டப்படியான திட்டமிடல் வழியாகவே மறைந்தமைக்கு இம்மெராட் ஓர் எடுத்துக்காட்டு ஆகும். அதனை அடுத்திருந்த ஊர்கள் சில ஆண்டுக் கால இடைவெளியில் தப்பியமை குறிப்பிடத்தக்கது.