புலமைப்பரிசிலும் பிறமொழியும்: நுரைச்சோலையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

பாடசாலை மாணவர் கடல்கடந்து மொழி பயில வழங்கப்படும் புலமைப்பரிசில், தனிமனிதத் திறமைக்குரிய வெகுமதியாகவே பொதுவாகக் கருதப்படுகின்றது. எந்த அரசு, எக்காலத்தில், எவ்வர்க்கத்தாருக்கு, எம்மொழியைக் கற்பித்தது என வினவும்போதே அதன் சமூக உள்ளடக்கம் புலனாகும்.

குடியேற்ற ஆட்சியில் இவ்வாய்ப்பு ஆங்கிலம் வழியே மட்டும் அமைந்தது. 1870இல் புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்ற பதின்ம வயதினரான பொன்னம்பலம் அருணாசலம், 1875இல் சிவில் சேவையில் நுழைந்தார். அவரது ஆற்றலை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் போட்டிக்கு முன்னரே ஆங்கிலக் கல்வி வேண்டியிருந்தது. அது வசதி படைத்தோரின் உடைமையாக இருந்தது. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியே அவ்வரணில் முதல் உடைப்பை ஏற்படுத்தியது.

குடியேற்ற ஆட்சி நீங்கிய பின்னர் திசைகள் பெருகின. 1960இல் மொஸ்கோவில் நிறுவப்பட்ட மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் ஆசிய, ஆபிரிக்க மாணவருக்கு முதலில் ருஷ்ய மொழியைப் பயிற்றியது. 1961இல் தோன்றிய மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகம் அரபு கற்க வந்தோருக்கு உதவிப்பணமும் தங்குமிடமும் அளித்தது. மதரசா மரபு வேரூன்றிய புத்தளம் போன்ற பிரதேசங்களில் வறிய வீட்டுப் பிள்ளைக்கும் இது ஒரு வழியாயிற்று. எனினும் இவற்றை வெறும் ஈகையெனக் கொள்ளுதல் பொருந்தாது. ஒவ்வொன்றும் தத்தம் கருத்துநிலையையும் உடன் வழங்கியது.

இப்பின்னணியிலேயே நுரைச்சோலையை நோக்குதல் வேண்டும். மீனவரும் கத்தோலிக்கத் திருச்சபையினரும் எதிர்த்த அனல்மின் நிலையம், சீனக் கடனுடன் சீன நிறுவனத்தால் கட்டப்பட்டு 2011இல் இயங்கத் தொடங்கியது. 2014இல் 900 மெகாவாற் திறனை எட்டியது. இதே காலகட்டத்தில், 2007இல், களனிப் பல்கலைக்கழகத்தில் கொன்பூசியஸ் நிறுவகம் அமைந்தது. 2008இல் உயர்நிலைப் பாடசாலை மாணவருக்கான ‘சீனப் பாலம்’ மொழிப்போட்டி உலகளவில் தொடங்கியது. மூலதனமும் மொழியும் ஒன்றையொன்று தொடர்ந்தே வருகின்றன.

ஆனால் மொழி எப்போதும் கொடுத்தவனின் கருவியாகவே இருந்துவிடுவதில்லை. ஆங்கிலம் கற்ற அருணாசலமே 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதற் தலைவராகிச் சுயாட்சி கோரினார். நுரைச்சோலை மீனவரின் மகள் சீனம் கற்றால், மின்நிலையத்தின் மொழிபெயர்ப்பாளராக மட்டுமன்றி, தன் கரையைப் பற்றிய உடன்படிக்கைகளை வாசித்து வினவுபவளாகவும் ஆகலாம். அவ்வாய்ப்பு அவளது கிராமத்துப் பாடசாலை வரை வந்துசேருமா என்பதே புலமைப்பரிசிலின் சனநாயகத் தன்மையை அளக்கும் உரைகல்லாகும்.